ஏடு தந்த நிறைவு

மனிதன் வாழ்வில் தேடுவன பல. பொருள் தேடுகிறான், பதவி தேடுகிறான், புகழ் தேடுகிறான். தேடியவை கைக்கு வந்த பின்னும் நெஞ்சின் ஒரு மூலை வெறுமையாகவே இருப்பதைக் கண்டு திகைக்கிறான். அந்த மூலையை நிரப்புவது எது? பெரிய தத்துவ நூல்களில் புகுந்து இதற்கு விடை காணும் ஆற்றல் எனக்கு இல்லை. ஒருவருடைய வாழ்க்கையில் நான் கண்ட விடையை மட்டும் இம்மலர் வழியாக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன். அவர்தாம் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

அவரைப் பற்றி எழுதும் முன் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் இலக்கிய வகுப்பில் விரும்பிச் சேர்ந்தவன் அல்லன். கேட்ட பாடத்தில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த பாடத்தில் சேர்ந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மாமா, தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று தவறாமல் கேட்பார். அவர் கேட்பதில் குற்றமில்லை. என்னிடம்தான் விடை இல்லை. இரண்டு ஆண்டுகள் கடைசி பெஞ்சியில் அமர்ந்து, வருகைப் பதிவுக்காக வகுப்புக்கு வந்து போனேன்.

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ் மன்றக் கூட்டத்தில் பேசுவதாக இருந்த மாணவர் உடல்நலம் குன்றியதால், எங்கள் பேராசிரியர் என்னை அழைத்து, உ. வே. சா. அவர்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி பணித்தார். மறுக்க இயலாமல், கல்லூரி நூலகத்திலிருந்து ஐயரவர்களின் என் சரித்திரம் என்னும் தன்வரலாற்று நூலை எடுத்துச் சென்றேன். பத்து நிமிடப் பேச்சுக்காக எடுத்த நூல் மூன்று வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

இளமையும் கல்வியும்

ஐயரவர்கள் 19-2-1855 அன்று பிறந்தார். அவருடைய ஊர் அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த, பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர்; ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லிக் குடும்பத்தை நடத்தியவர். வறுமை அவ்வீட்டின் நிரந்தர விருந்தாளி. மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். மகனுடைய உள்ளமோ தமிழை நாடிற்று.

அக்காலத்தில் ஆங்கிலம் படித்தால் இவ்வுலகில் வாழலாம், வடமொழி படித்தால் மறுவுலகில் வாழலாம், தமிழால் இவ்விரண்டில் எதுவும் இல்லை என்பது சுற்றத்தார் பலருடைய எண்ணமாக இருந்ததாம். இவ்விடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் மாமாவின் கேள்வி நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆயினும் அந்த ஏழைத் தந்தை மகனுடைய விருப்பத்திற்கு இணங்கினார். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் இருக்கும் ஊர் எதுவோ அதுவே தம் ஊர் என்று கொண்டு குடும்பத்தோடு இடம் பெயர்ந்தார். அரியலூரில் சடகோபையங்கார் என்னும் புலவர் அச்சிறுவனுக்குத் தமிழ்ச் சுவையை முதலில் ஊட்டினார்.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் தலபுராணங்கள் பலவற்றை இயற்றிய பெருங்கவிஞர். கையில் பணம் இல்லாதவர். ஆனால் வந்த மாணவர்க்கெல்லாம் கல்வியை வாரி வழங்கியவர். வேங்கடராமன் என்ற இயற்பெயர் நீங்கிச் சாமிநாதன் என்ற பெயர் நிலைத்ததும் அவரிடத்தில்தான். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயிலும் வாய்ப்பு வந்தது. இசைப்பயிற்சி தமிழ்க் கல்விக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதுவதை அறிந்ததும் அதனை விட்டுவிட்டார். தந்தையின் கனவும் தமக்கு இயல்பாக வாய்த்த கலையும் ஒரு பக்கம்; தமிழ் மறுபக்கம். பதினாறு பதினேழு வயதில் அவர் செய்த முதல் தியாகம் அது.

1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தார். அதன் பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார். 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்திற்கு ஐயரவர்களே உரியவர் என்று கருதி, தேசிகரிடம் வேண்டி, அவரை அழைத்துச் சென்று பதவியில் அமர்த்தினார். நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியின் வகுப்பறையில்தான் தமிழ்த் தாத்தாவின் ஆசிரியப் பணி தொடங்கிற்று என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நெஞ்சைத் தைத்த வினா

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கல்வி இருந்தது, வேலை இருந்தது, மாணவரின் மதிப்பு இருந்தது. வறுமை விடைபெற்றுக்கொண்டிருந்தது. இனி என்ன வேண்டும் என்று சாய்ந்து உட்காரத்தக்க நிலை. அந்த நிலையில்தான் 21-10-1880 அன்று அவர் ஒருவரைச் சந்தித்தார்.

கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரே அவர். என்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் கோவைகளையும் உலாக்களையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். அந்த நீண்ட பட்டியலைக் கேட்டும் முதலியாரின் முகத்தில் வியப்பு தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர்களையும் சொன்னார். ஐயரவர்கள் அந்நூல்களைப் படித்ததில்லை. படிக்கப் பிரதியும் கண்டதில்லை.

எண்ணிப் பார்க்கிறேன். நம்மில் ஒருவரிடம் இப்படிக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? நீதிமன்றத்தில் வழக்கு விசாரிப்பவருக்குத் தமிழைப் பற்றி என்ன தெரியும் என்று வெளியே வந்து பேசியிருப்போம். ஐயரவர்களுக்கும் மனத்தில் சுருக்கென்று தைக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வலியை அவர் கோபமாக மாற்றிக்கொள்ளவில்லை. தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, பிரதி கிடைத்தால் படிக்க ஆயத்தமாக இருப்பதாகக் கூறினார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். அந்தப் பிரதியைக் கையில் வாங்கிய நாள் தொடங்கி மறையும் வரை அறுபத்தோராண்டுக்கு மேல் அவர் வேறொரு குறிக்கோளைத் தேடவில்லை.

குறிக்கோள் என்பது ஏதோ ஒரு நாள் கனவில் தோன்றும் ஒளி என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கோ அது தம் அறியாமையைச் சுட்டிய ஒரு வினாவாக, அன்றாட வேலைக்கு நடுவே, வேறொருவர் வாயிலாக வந்து சேர்ந்தது.

ஏடு தேடிய பயணம்

சிந்தாமணியைப் பிரித்தால் பொருள் விளங்கவில்லை. அது சமண காவியம். சமணக் கொள்கைகளைச் சைவ மடத்தில் பயின்ற ஐயரவர்கள் அறிந்திருக்க வழியில்லை. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் வாழ்வதைக் கேள்வியுற்று அவர்கள் வீட்டுக்குச் சென்றார். அங்கே சிந்தாமணியை முறையாகப் பாராயணம் செய்து படித்து முடித்த நாளைத் திருவிழாவைப் போலக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்! புலவர்கள் மறந்த நூலை ஒரு தெருவில் சில குடும்பங்கள் நெஞ்சில் வைத்துக் காத்து வந்திருந்தன. கல்லூரி ஆசிரியர் அவர்கள் முன் மாணவராக அமர்ந்து ஐயங்களைப் போக்கிக்கொண்டார்.

ஏட்டுச்சுவடியைப் படிப்பது அச்சுநூலைப் படிப்பது போன்றதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. ஓரம் முறிந்த ஏடுகள், இடையே காணாமற் போன ஏடுகள், பூச்சி துளைத்த ஏடுகள் வேறு. எழுதியவர் செய்த பிழை, அதைப் பார்த்து எழுதியவரிடம் இரட்டிப்பாகும். ஆகவே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நூலைத் தீர்மானிக்க இயலாது. பல ஊர்ப் பிரதிகளைத் திரட்டி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சிந்தாமணிக்கு அவர் இவ்வளவும் செய்தார். அச்சுச் செலவுக்குப் பொருள் இல்லை. வாங்குவதாகக் கையொப்பமிட்டவர்களை நம்பி வேலையைத் தொடங்கினார். 1887-இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது.

அதன் பின் விடுமுறை நாட்களெல்லாம் ஏடு தேடும் நாட்களாயின. இரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார். திருநெல்வேலிக் கவிராயர் வீடுகளில் அரிய சுவடிகள் முத்து முத்தாகக் கிடைத்தன. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படியில்லை. ஓரிடத்தில் பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வேறோரிடத்தில் பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். செய்தவர்கள் தீயவர் அல்லர். படிக்கத் தெரியாத ஏட்டைத் தெய்வத்திடம் ஒப்படைத்ததாகவே எண்ணினார்கள். தாம் சில ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் இவை பிழைத்திருக்குமே என்று ஐயரவர்கள் உள்ளம் வெந்தார். அந்த வேதனையே அவரை அடுத்த ஊருக்கு விரைவாக நடக்கச் செய்தது.

பத்துப்பாட்டை ஆராய்ந்தபோது குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் அடுக்கி வரும் பகுதியில் சில பெயர்கள் ஏடுகளில் இல்லாமல் உதிர்ந்து போயிருந்தன. சில பூக்களின் பெயர்தானே என்று புள்ளியிட்டு விட்டுவிடலாம். அவர் விடவில்லை. தருமபுரம் ஆதீனத்தில் இசைவு பெற்று, அங்கிருந்த சுவடிகளை விடாது துருவி, காணாமற் போன மலர்களைக் கண்டெடுத்தார். பத்துப்பாட்டு 1889-இல் முழுமையாக மலர்ந்தது.

தொடர்ந்து 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று நூல்கள் வெளிவந்தன. மணிமேகலை பௌத்த காவியம். சிந்தாமணிக்குச் சமணர் உதவியதைப் போல உதவப் பௌத்தர்கள் இங்கே இல்லை. அவருடைய கல்லூரியிலேயே ஆசிரியராக இருந்த ரங்காசாரியார், பௌத்த சமயம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் கூறி உதவினார். பிறகு ஐங்குறுநூறு 1903-இலும், பதிற்றுப்பத்து 1904-இலும், பரிபாடல் 1918-இலும், பெருங்கதை 1924-இலும் அச்சேறின.

இவை அனைத்தும் அவர் ஒருவராலேயே ஆயின என்று சொல்வது முறையன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்பே பதிப்புத் துறையில் வழி வகுத்தவர்கள். கலித்தொகையைத் தாமோதரம் பிள்ளை 1887-இல் வெளியிட்டார். வினா எழுப்பிய முன்சீபு, பதவியை அளித்த செட்டியார், ஏடு தந்த மடங்கள், பொருள் சொன்ன சமணர்கள், பணம் அனுப்பிய கையொப்பக்காரர்கள் ஆகிய எல்லாருக்கும் இதில் பங்குண்டு. ஒருவர் தம் நலத்துக்காக உழைத்தால் உடன் வருவோர் சிலரே. தம்மினும் பெரிய ஒன்றுக்காக உழைத்தபோது ஊரே அவருக்குத் துணையாக வந்தது.

எதிர்ப்பும் இழப்பும்

பாராட்டு மட்டும் வந்ததாக எண்ண வேண்டா. சைவராகிய இவர் சமண நூலை அச்சிடலாமா என்று குறை கூறினர் சிலர். பதிப்பில் பிழை கண்டுபிடித்துக் கண்டனத் துண்டுப் பிரசுரம் வெளியிட்டனர் வேறு சிலர். தொடக்கத்தில் ஐயரவர்களும் மனம் புண்பட்டு மறுப்பு எழுதினார். கல்லூரியில் உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் அம்மறுப்பை வாங்கிக் கிழித்துப் போட்டு, மறுப்பு எழுதும் நேரத்தில் இன்னும் சில ஏடுகளைப் பார்க்கலாமே என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினார். அன்று முதல் கண்டனங்களுக்கு விடை எழுதும் வழக்கத்தையே விட்டுவிட்டார். பிழை உண்மையாயின் அடுத்த பதிப்பில் திருத்திக்கொண்டார். உண்மையல்லாதவற்றைக் காற்றில் விட்டார். செய்ய வேண்டிய வேலை காத்திருந்தது. பகையை வளர்க்க நேரமில்லை.

எவ்வளவு தேடியும் கிடைக்காதவையும் இருந்தன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்கவே இல்லை. எழுபது பாடல்கள் கொண்டிருந்த பரிபாடலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. பெருங்கதைக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. கிடைத்ததைச் செம்மையாகப் பதிப்பித்து, கிடைக்காததை இல்லை என்று நேர்மையாகக் குறித்துவிட்டு, அடுத்த நூலுக்குச் சென்றார்.

முதுமையிலும் குன்றாத உழைப்பு

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலானார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் அவரைத் தேடி வந்தது. 1919-இல் ஓய்வு பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டுத் தமக்கு வேலை தேடித் தந்தவரை நாள்தோறும் நினைத்துக்கொண்டார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்போதும் அவர் மாணவராகவே இருந்தார்.

1937-இல், எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகையை வெளியிட்டார். அந்நூலுக்கு இருந்த பழைய உரை மறைந்து போயிற்று. ஆகவே தாமே புதிதாக உரை எழுதினார். ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு ஊஞ்சலில் ஆடியபடி பட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கும் வயதில், ஒவ்வொரு பாடலாக எடுத்துச் சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தார் அம்முதியவர். அவரை யார் வற்புறுத்தினார்கள்? பணத்தேவையோ புகழ்த்தேவையோ இல்லை. அந்த வேலைதான் அவருடைய மகிழ்ச்சி.

1940 முதல் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதி வந்தார். உலகப் போரின் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியூர்களுக்குச் சென்ற 1942-இல் அவரும் திருக்கழுக்குன்றத்திற்கு இடம் பெயர்ந்தார். அங்கே 28-4-1942 அன்று, எண்பத்தேழாம் வயதில், மறைந்தார். என் சரித்திரம் மணிமேகலைப் பதிப்புக் காலத்தோடு நின்றுவிட்டது. பிறருடைய முடிவில்லாத சுவடிகளைத் தேடித் தொகுத்தவரின் சொந்த நூலும் முடிவில்லாத நூலாயிற்று. ஆயினும் அவ்வாழ்க்கையைக் குறையுடையது என்று யாரால் சொல்ல முடியும்? எடுத்த வேலை முழுதும் முடிந்தால்தான் நிறைவு என்று நான் நினைத்திருந்தது தவறு. முடியாத வேலையாயினும் அதில் இன்று செய்ய வேண்டியதை இன்று செய்தோம் என்னும் உணர்விலேயே நிறைவு இருக்கிறது. அவர் அதனை அறுபது ஆண்டுகள் நாள்தோறும் உண்டு வாழ்ந்தார். 1943-இல் அவர் பெயரால் தோன்றிய நூல் நிலையம் அவர் தொகுத்த சுவடிகளைச் சென்னையில் காத்து வருகிறது.

நான் கண்டெடுத்த ஏடு

தமிழ் மன்றத்தில் என் பேச்சு சுமாராகத்தான் இருந்தது. பத்து நிமிடம் என்பதை மறந்து அரை மணி நேரம் பேசிவிட்டேன். ஆனால் அன்று மாலை எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

என் பாட்டனார் தெருக்கூத்து வாத்தியார். வேடம் கட்டி ஆடியவரின் பேரன் என்று சொல்லிக்கொள்ள நான் பள்ளி நாளிலிருந்தே வெட்கப்பட்டிருக்கிறேன். அவர் எழுதி வைத்த கூத்துப் பாட்டு நோட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. அடுத்த விடுமுறையில் பரணில் ஏறிப் பார்த்தேன். ஆறு நோட்டுகள் இருந்தன. இரண்டைக் கரையான் தின்றிருந்தது. இன்னும் சில இருந்ததாகவும், மழைக்காலத்தில் அடுப்பு மூட்ட எடுத்துவிட்டதாகவும் அம்மா சொன்னார். ஓமத்தீயில் ஏடுகளை இட்ட செய்தியைக் கேட்டு ஐயரவர்கள் பட்ட துயரம் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று. அம்மாவைக் கோபிக்க வாய் வரவில்லை. அத்தனை ஆண்டுகள் அந்தப் பரணுக்குக் கீழேதானே நானும் படுத்திருந்தேன்?

இப்போது ஞாயிறுதோறும் அந்த நோட்டுகளைப் பார்த்துப் படியெடுத்து வருகிறேன். விளங்காத இடங்களைப் பாட்டனாருடன் ஆடிய முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவர் பாடிக் காட்டும்போது நோட்டில் இல்லாத அடிகளும் வந்து விழுகின்றன. இவற்றால் எனக்கு வேலை கிடைக்குமா என்று தெரியாது. என் மாமா இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். ஆனால் முன்போல் நான் தலை குனிவதில்லை. படியெடுத்த பக்கங்களை அவரிடம் காட்டினேன். சிறுவயதில் விடிய விடியப் பார்த்த கூத்து என்று சொல்லி, ஒரு பாட்டை அவரே முணுமுணுத்தார்.

நண்பர்களே! ஐயரவர்கள் அளவுக்கு நாம் எல்லாரும் உயர முடியாது. ஆனால் அவரைப் போல ஒரு வினாவுக்கு முன்னால் நாணாமல் நிற்க முடியும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள முடியும். கைக்கு எட்டும் தொலைவில் அழிந்துகொண்டிருக்கும் ஒன்றைக் காப்பாற்ற முடியும். அவரவர் பரணில் எது கிடக்கிறது என்று ஏறிப் பார்ப்போம். நெஞ்சின் வெறுமையான மூலை அங்கிருந்து நிரம்பத் தொடங்கும் என்பதே அப்பெரியாரின் வாழ்க்கையிலிருந்து நான் கற்ற பாடமாகும்.